டிராகன் ஊரில் ஒரு கொலை வழக்கு: ஃபேண்டஸி ஆட்டத்தில் ஜானர்களைக் கலப்பது எப்படி?

ஃபேண்டஸி டேபிள்டாப் ஆட்டத்தில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவது) இன்னொரு ஜானரை, அதாவது திகில், துப்பறிதல் போன்ற இன்னொரு கதைவகையை, கலக்கலாம் என்று தோன்றியதும் பலர் முதலில் பொருள்களைத்தான் மாற்றுகிறார்கள். எல்ஃப் கையில் துப்பாக்கி வருகிறது, கோட்டை வாசலில் நீராவி எஞ்சின் நிற்கிறது, கல்லறைத் தோட்டத்தில் மூடுபனி கூடுதலாகச் சூழ்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆட்டம் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும்: கதவைத் திற, உள்ளே இருப்பதை அடி, புதையலை எடு. துப்பாக்கி சத்தம் போடும் வில்லாகிவிட்டது. மூடுபனியை யாரும் பொருட்படுத்தவில்லை.

விளையாடுபவர்கள் மனத்துக்குள் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, அதுதான் அந்த மேசையின் ஜானர். "இவனை வெல்ல முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை, சுவரில் எத்தனை மண்டையோடு மாட்டினாலும் அது சாகச ஆட்டம்தான். "இங்கிருந்து எதை இழந்து தப்பப் போகிறோம்?" என்று அவர்கள் கேட்க ஆரம்பித்த நொடியில், வெட்டவெளியில் நண்பகல் வெயிலில்கூட அது திகிலாகிவிடுகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியை மாற்றுவது எப்படி என்பதைப் பற்றியது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தே உதாரணங்களைச் சொல்கிறேன். வேறு ஆட்டம் ஆடுபவர்களுக்கும் படிகள் இவைதான், மந்திரங்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

கலப்பது மரபை மீறுவதாகாதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஆர்னெசனின் 'பிளாக்மூர்' துணைநூலில் அச்சான சாகசத்தில், தவளைக் கோயிலின் தலைமைப் பூசாரி வேற்றுலகத்திலிருந்து தொழில்நுட்பத்தோடு வந்தவராக இருக்கிறார். 1979-இல் வந்த டஞ்சன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர், சுருக்கமாக டிஎம்) கையேட்டில், கௌபாய் ஆட்டத்திலிருந்தும் அணுப்போருக்குப் பிந்தைய உலகத்தைப் பற்றிய ஆட்டத்திலிருந்தும் பாத்திரங்களை உள்ளே கொண்டுவர மாற்று விதிகளே கொடுத்திருந்தார்கள். கலப்பு இந்த ஆட்டத்தின் பிறவிக்குணம். தயக்கம் தேவையில்லை.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

வரைபடம், அரக்கர் பட்டியல் எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, விளையாடுபவர்கள் எந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். துப்பறியும் கதையின் கேள்வி "உண்மையில் என்ன நடந்தது?" கொள்ளைத் திட்டக் கதையில் "திட்டம் பிசகினால் அடுத்து என்ன?" அறிவியல் புனைவில் "இது என்ன, எப்படி வேலை செய்கிறது, நம் கையில் இருந்தால் உலகம் என்னவாகும்?" கௌபாய்கள் உலவும் மேற்கத்தியக் கதை என்றால் "சட்டம் எட்டாத ஊரில் நியாயத்தை யார் செய்வது?" காதல் கதைக்கும் அரசியல் சூழ்ச்சிக் கதைக்கும் இதேபோலத் தனித்தனிக் கேள்விகள் உண்டு.

எழுதிய வரி ஒரு பொருளின் பெயரில் முடிந்தால், உதாரணமாக "ஏர்ஷிப் (பறக்கும் கப்பல்) வேண்டும்" என்று இருந்தால், நீங்கள் இன்னும் ஜானரைத் தொடவில்லை. ஏர்ஷிப் வந்தால் யாருக்கு என்ன சிக்கல் என்று யோசித்து மறுபடியும் எழுதுங்கள். இதே ஆட்டத்துக்காக உருவான எபரான் என்ற கற்பனை உலகம் இதற்கு நல்ல பாடம். ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2002-இல் புதிய உலகம் ஒன்றைத் தேடிப் போட்டி வைத்தது. அதில் வென்ற கீத் பேக்கரின் ஆக்கம் 2004-இல் நூலாக வந்தது. அங்கே மின்னல் ரயில் ஓடுகிறது, தனியார் துப்பறிவாளர்கள் தொழில் நடத்துகிறார்கள். அவை அலங்காரமாகத் தெரியாததற்குக் காரணம், அடியில் இருக்கும் கேள்வி: சிறு மந்திரங்கள் எல்லார் கைக்கும் எட்டினால், அவற்றைத் தொழிலாக்கி விற்கும் குடும்பங்கள் உருவானால், நூறாண்டுப் போர் ஒன்று முடிந்த கையோடு அந்தச் சமூகம் எப்படி இருக்கும்? ரயில் அந்தக் கேள்வியிலிருந்து புறப்பட்டு வருகிறது.

இரண்டாம் படி: வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார்?

இரண்டு ஜானர்களையும் சரிபாதியாகக் கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். ஒன்று வீட்டுக்காரராக இருக்க வேண்டும், மற்றது விருந்தாளியாக வர வேண்டும். விருந்தாளி ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகிறாரா, ஒரு மாதம் தங்குகிறாரா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஓர் அமர்வு, மூன்று நான்கு அமர்வுகள், முழுத் தொடர் என்று மூன்று அளவுகள் போதும். முதல் முறை கலப்பவர்கள் ஓர் அமர்வோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டுக்காரரிடமிருந்து காட்சியையும் சூழலையும் எடுத்துக்கொண்டு, விருந்தாளியிடமிருந்து கதையை ஓட்டும் விசையை எடுப்பது மிகவும் பலன் தரும் முறை. விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். சுடுகாடு, நள்ளிரவு, மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் சுமந்து நடக்கும் ராஜா. காட்சி முழுவதும் திகில். ஆனால் கேட்பவர் காத்திருப்பது பேய்க்காக அல்ல, புதிரின் விடைக்காக. அதோடு ஒரு கறாரான விதியும் இருக்கிறது: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், சொல்லிவிட்டாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறும். இரண்டு ஜானர்களையும் பிணைப்பது அந்த ஒற்றை விதிதான். உங்கள் ஆட்டத்திலும் அப்படி ஒரு விதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள்

கதையை மறைக்கலாம், ஜானரை மறைக்கக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கோமாளித்தனமான பாணன் பாத்திரத்தை ஆசையாக உருவாக்கிக்கொண்டு வந்தவரை முன்னறிவிப்பு இல்லாமல் சவக்கிடங்கில் நிறுத்தினால், அவர் வழக்கம்போல் நகைச்சுவைதான் செய்வார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அடுத்த மூன்று அமர்வுகள் திகிலாக இருக்கும். உங்கள் பாத்திரங்கள் வலுவானவர்கள்தான். ஆனாலும் சண்டை போட்டுத் தீர்க்க முடியாத ஒன்று வரப்போகிறது. ஓடினால் அது தோல்விக் கணக்கில் சேராது." இந்த நான்கு வாக்கியங்களில் கதை ஒரு துளிகூட வெளியாகவில்லை. எப்படி ஆட வேண்டும் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

திகிலோ குற்றமோ விருந்தாளியாக வரும்போது, எவையெல்லாம் மேசைக்கே வரக் கூடாது, எவை திரைக்குப் பின்னால் நடந்து முடியலாம் என்று கேட்டுப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த 'லைன்ஸ் அண்ட் வெயில்ஸ்' என்ற இந்த முறையும், சங்கடமான காட்சி வந்தால் காரணம் சொல்லாமலே தொட்டு நிறுத்துவதற்காக ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு'ம் இன்று பல மேசைகளில் வழக்கமாகிவிட்டன. இவை பயத்தைக் குறைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆட்டக்காரர்கள்தான் அந்த எல்லைவரை துணிந்து வருகிறார்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்

விதிகள் எதற்குப் பரிசு கொடுக்கின்றனவோ அதைத்தான் மக்கள் செய்வார்கள். எதற்கு விலை வைக்கின்றனவோ அதைத் தவிர்ப்பார்கள். ஐந்தாம் பதிப்பில் ஓர் இரவு தூங்கி எழுந்தால் உயிர்ப் புள்ளிகள் முழுவதும் திரும்பி வந்துவிடும். சாகசத்துக்கு அது அருமையான விதி. திகிலுக்கு விஷம். காயம் காலையில் மறைந்துவிடும் என்று தெரிந்தவன் எதற்குப் பயப்பட வேண்டும்? டஞ்சன் மாஸ்டர் கையேட்டிலேயே இதற்கு ஒரு மாற்று இருக்கிறது: குறு ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள். இந்த ஒரு மாற்றம் மேசையின் சூழலையே புரட்டிப்போடும். கையில் மிச்சமிருக்கும் கடைசி மந்திரத்தை வைத்து ஐந்து நிமிடம் விவாதம் நடக்கும்.

மற்ற ஆட்டங்கள் இந்த வேலையை எப்படிச் செய்தன என்று பார்ப்பது பயன் தரும். 1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுலு' உடல் காயத்துக்குப் பக்கத்தில் மனநிலைக்கும் ஒரு கணக்கு வைத்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அந்த எண் குறையும். அமெரிக்க மேற்குப் பகுதியையும் பிசாசுகளையும் கலந்து 1996-இல் வந்த 'டெட்லேண்ட்ஸ்' மந்திரவாதியின் கையில் போக்கர் சீட்டுகளைக் கொடுத்தது. மந்திரம் போடுவது சூதாட்டம் என்ற உணர்வு விளக்கமே இல்லாமல் வந்துவிடுகிறது.

இவற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். மனநிலைக் கணக்கு, ஏழு நாள் ஓய்வு, துப்பாக்கி, மானம் மரியாதைக்கான புள்ளி என்று எல்லாவற்றையும் ஒரே அமர்வில் இறக்கினால், எல்லாரும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்களே தவிர ஆட மாட்டார்கள். அனுபவப் புள்ளிகளையும் கவனியுங்கள். துப்பறியும் கதை நடத்திக்கொண்டு, அரக்கனைக் கொன்றால் மட்டும் புள்ளி கொடுத்தால், சாட்சி சொல்ல வந்தவரே வெட்டுப்படுவார். கண்டுபிடித்த ஒவ்வொரு உண்மைக்கும் புள்ளி கொடுங்கள்.

ஐந்தாம் படி: கொலை வழக்கும் மந்திரங்களும்

ஃபேண்டஸியில் சேர்ப்பதற்கு மிகக் கடினமானதும், சரியாக வந்தால் மிகவும் திருப்தி தருவதும் துப்பறியும் கதைதான். அதனால் இங்கே நிதானமாகப் போகலாம்.

சிக்கல் எல்லாருக்கும் தெரிந்ததே. பிணத்தோடு பேச மந்திரம் இருக்கிறது, பொய் சொல்ல விடாத மந்திரம் இருக்கிறது, மனத்தைப் படிக்கும் மந்திரம் இருக்கிறது. ஐந்தாம் லெவல் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம்) ஒருவர் கூட இருந்தால் வழக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று பயந்து, பலர் "இந்த ஊரில் அந்த மந்திரம் வேலை செய்யாது" என்று தடை போட்டுவிடுகிறார்கள். அது அநியாயம். ஆசையோடு தேர்ந்தெடுத்த திறமையைப் பறித்துக்கொண்டு துப்பறியச் சொல்வதில் அர்த்தமில்லை. மந்திரத்தின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். வழி அங்கேயே இருக்கிறது.

'ஸ்பீக் வித் டெட்' மந்திரத்தில் பிணத்திடம் அதிகபட்சம் ஐந்து கேள்விகள் கேட்கலாம். அதே பிணத்திடம் மறுபடியும் கேட்கப் பத்து நாள் போக வேண்டும். பதில்கள் சுருக்கமாகவும் பூடகமாகவும் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், உயிரோடு இருந்தபோது தெரிந்ததுதான் பிணத்துக்கும் தெரியும். அப்படியானால் அவர் நம்பிச் செத்தது பொய்யாக இருந்தால்? 'ஸோன் ஆஃப் ட்ரூத்' வட்டத்துக்குள் நிற்பவர் பொய் சொல்ல முடியாது. ஆனால் மந்திரம் தன்மேல் இருப்பது அவருக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், சுற்றி வளைத்துப் பேசலாம். 'டிடெக்ட் தாட்ஸ்' மேலோட்டமான நினைப்பைத்தான் காட்டும். ஆழமாகத் துழாவினால் எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

இதை வைத்து ஒரு வழக்கைக் கட்டிப் பார்ப்போம். துறைமுக ஊர். உப்புக் கிடங்கு உரிமையாளர் இரவில் கொலையாகிக் கிடக்கிறார். கிளெரிக் பிணத்திடம் கேட்கிறார், "உன்னைக் கொன்றது யார்?" பதில்: "என் மகன்." எல்லாரும் எழுந்து மகன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை, பிணமும் பொய் சொல்லவில்லை. கொலை செய்தவர் கிடங்கின் கணக்கர். 'டிஸ்கைஸ் செல்ஃப்' மந்திரத்தால் மகனின் உருவத்தில் வந்தார்.

அந்த மந்திரத்தின் வாசகத்தில் ஒரு வரி உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: தோற்றம் கண்ணை மட்டுமே ஏமாற்றும், தொட்டால் நிற்காது. மகனுக்கு அடர்ந்த தாடி. கணக்கருக்கு மழித்த முகம், உயரமும் ஒரு சாண் குறைவு. ஆட்டக்காரர்களில் ஒருவர் நிதானமாக இருந்து, மிச்சமிருக்கும் கேள்விகளில் ஒன்றை "கடைசியாக உன் கை எதைத் தொட்டது?" என்று கேட்டால் பதில் இப்படி வரும்: "அவன் முகம். வழவழ என்று." மேசை அமைதியாகிவிடும். மந்திரம் வழக்கை முடித்துவைக்கவில்லை, வழக்குக்குள் ஒரு தடயத்தைப் போட்டிருக்கிறது.

அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காவிட்டால் ஆட்டம் முட்டுச்சந்தில் நின்றுவிடுமே? அதற்குத்தான் ஆட்ட எழுத்தாளர் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொன்ன மூன்று தடய விதி: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள் வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். இங்கே எட்ட வேண்டிய முடிவு "வந்தவன் மகன் அல்ல" என்பது. பிணத்தின் பதில் முதல் தடயம். இரண்டாவது காவற்காரர். கிடங்கு வாசலில் தாழ்வாகத் தொங்கும் மணிக்கயிற்றில் மகன் எப்போதும் தலையை இடித்துக்கொள்வானாம். அன்று இரவு கயிறு அவன் நெற்றிக்குள்ளேயே போய் வந்ததுபோல இருந்ததாம், அசையவே இல்லையாம். தூக்கக் கலக்கம் என்று அவரே ஒதுக்கிவிட்டிருக்கிறார். மூன்றாவது கணக்குப் புத்தகம். ஊருக்கு வந்த நாடகக் குழுவின் வேஷக்கார மந்திரவாதிக்குக் கிடங்குப் பணத்திலிருந்து ஒரு தொகை போயிருக்கிறது, 'தார்ப்பாய்' என்ற தலைப்பின்கீழ்.

மகனை உண்மை வட்டத்துக்குள் நிறுத்தும் காட்சியை விட்டுவிடாதீர்கள். "நான் கொல்லவில்லை" என்கிறான். கிளெரிக்குக்கு மந்திரம் பிடித்திருக்கிறது என்று தெரியும், ஆகவே அது உண்மை. "அப்படியானால் எங்கே இருந்தாய்?" என்றால் வாயைத் திறக்க மாட்டான், அவன் இருந்தது சூதாட்ட விடுதியில். அப்பாவின் பணத்தைத் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா கொலையானார் என்பதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. பொய் சொல்ல முடியாத இடத்தில் மௌனம்தான் பேச்சு. சாதாரணத் துப்பறியும் கதையில் கிடைக்காத காட்சி இது, ஃபேண்டஸி மட்டுமே கொடுக்கக்கூடியது. கலப்பதன் பயனே இப்படிப்பட்ட இடங்கள்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். வழக்கு நகரத் தேவையான தடயத்தைப் பகடைக்குப் பின்னால் பூட்டி வைக்காதீர்கள். சரியான இடத்தில் தேடினால் தடயம் கிடைத்தே தீர வேண்டும் என்பது துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறையின் அடிப்படை. பகடை, கூடுதல் விவரத்துக்காக உருளட்டும். அடுத்தது லெவல். ஒன்பதாம் லெவல் கிளெரிக்குக்கு 'ரெய்ஸ் டெட்' வந்துவிடும். ஐந்நூறு பொற்காசு மதிப்புள்ள வைரம் இருந்தால், பத்து நாளுக்குள் இறந்தவரையே எழுப்பி உட்காரவைத்து விசாரிக்கலாம். அந்த உயரத்தில் கொலையைக் கைவிட்டுவிட்டு, காணாமல்போனவர், திருடப்பட்ட நினைவு, போலி வாரிசு என்று போவது நல்லது. அல்லது செத்தவர் திரும்பி வர மறுக்கட்டும். ஆன்மா சம்மதித்தால்தான் அந்த மந்திரம் பலிக்கும். ஏன் மறுக்கிறார் என்பதே வழக்காகிவிடும்.

ஆறாம் படி: வீரர்களைப் பயமுறுத்துவது

திகிலுக்கு வழிகாட்டியாக 1983-இல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' சாகசம் இன்னும் நிற்கிறது. அதில் வரும் ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட் கடைசி அறையில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். தனக்கென்று ஒரு நோக்கத்தோடு நடமாடுவார், ஆட்டக்காரர்களைத் தேடியே வருவார். குறிசொல்லும் பெண் போடும் சீட்டுகள், அவருடைய நோக்கம் என்ன, அவரை வீழ்த்த உதவும் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடும். சீட்டு விழும்வரை டிஎம்முக்கும் விடை தெரியாது. அந்த நிச்சயமின்மை மேசை முழுவதும் பரவுகிறது. எதிரியைத் தேடிப் போகும் வேலையை ஆட்டக்காரர்களிடமிருந்து எடுத்து எதிரியிடம் கொடுங்கள். திகிலுக்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கும் விதிகளின் வாசகம் கைகொடுக்கும். சாகசக் குழுவில் பாதிப் பேருக்கு டார்க்விஷன் (இருட்டிலும் பார்க்கும் திறன்) இருக்கும், இருட்டு என்றால் யாரும் அசர மாட்டார்கள். ஆனால் முழு இருட்டில் டார்க்விஷனுக்கு நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல் நிறம்தான். தரையில் ஏதோ ஈரம் தேங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தண்ணீரா, ரத்தமா? தெரிந்துகொள்ள விளக்கு ஏற்ற வேண்டும். விளக்கு ஏற்றினால் அந்தப் பக்கம் இருப்பதற்கு இவர்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஒரு பாத்திரத்தின் பலத்தைப் பறிக்காமலே அந்த பலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐயத்தை வைத்துவிட்டீர்கள். பயமே அறியாத பாலடின் (புனித சபதம் ஏற்ற வீரர்) இருந்தால் இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில், அவரை நம்பி நிற்கும் பயந்த கிராமத்தார் பத்துப் பேரை நிறுத்துங்கள். தனக்காகப் பயப்படாதவர் பிறருக்காகப் பயப்படுவார்.

இடைவிடாத திகில் மரத்துப்போகும். நடுவில் சூடான கஞ்சியும் அடுப்படிப் பேச்சும் உள்ள ஒரு காட்சி கட்டாயம் வேண்டும். அப்போது யாராவது சிரித்தால் தடுக்காதீர்கள்.

கொள்ளையும் விண்கலமும்

கொள்ளைத் திட்டம் எளிது, அதன் எதிரி ஒன்றே ஒன்று: திட்டம் போடுவதிலேயே மூன்று மணி நேரம் போய்விடும். ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' என்ற ஆட்டம் இதற்குத் தீர்வு கண்டது. நேராகக் காரியத்தில் இறங்கிவிடுங்கள். தடை வரும்போது "இதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று ஆட்டக்காரர் ஒரு முன்கதைக் காட்சியைச் சொல்லலாம், அதற்கு ஒரு விலை உண்டு. ஐந்தாம் பதிப்பில் ஆளுக்கு ஒரு முன்கதை, விலை ஓர் உயிர்ப் பகடை (ஓய்வில் காயம் ஆற்ற உருட்டுவது) அல்லது ஒரு இன்ஸ்பிரேஷன் (நன்றாக ஆடியதற்கு டிஎம் தரும் சலுகை) என்று வைத்துக்கொண்டால் பொருந்திவிடும்.

அறிவியல் புனைவுக்கு முன்மாதிரி கைகாக்ஸின் 'எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்' சாகசம். 1976-இல் ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக நடத்தப்பட்டு 1980-இல் அச்சானது. மலைக்குள் கிடப்பது விழுந்து நொறுங்கிய விண்கலம் என்று பாத்திரங்களுக்குத் தெரியாது, ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப கைகாக்ஸ் தனியாக ஒரு படப் புத்தகம் கொடுத்தார். பெயரைச் சொல்லாமல் படத்தைக் காட்டினால் போதும். கருவிகளைத் துழாவிப் பழகுவதற்குப் படிப்படியான வரைபடங்களும் இருந்தன. பகடை சாதகமாக விழுந்தால் கருவி பிடிபடும், இல்லையென்றால் கையிலேயே வெடிக்கும்.

உங்களிடம் படம் இல்லையென்றால் வாய்ச்சொல்லே போதும். "லேசர் துப்பாக்கி" என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. "முழங்கை நீளம், உலோகம்போல இருக்கிறது, ஆனால் குளிரவில்லை. ஒரு முனையில் கண்ணாடிக் குமிழ். பக்கவாட்டில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு குழி." இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கட்டைவிரலை வைக்கிறேன் என்று யாராவது சொல்வார்கள்.

ஏழாம் படி: மாறும் இடத்தைத் தைப்பது

விருந்தாளி ஜானர் திடீரென்று கதவை உடைத்துக்கொண்டு வரக் கூடாது. அது வருவதற்கு ஓர் அமர்வு முன்பாகவே இரண்டு மூன்று சிறு அறிகுறிகளைத் தூவிவிடுங்கள். உப்புக் கிடங்கு வழக்குக்கு முந்தைய அமர்வில் அதே கிடங்குக்காரர் இவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து, நேரத்துக்குக் காசு கொடுத்து, மகனைப் பற்றிக் கவலையாக இரண்டு வார்த்தை பேசியிருக்கட்டும். செத்தது தெரிந்த முகம் என்றால் வழக்கு தங்களுடையதாகிவிடும். மணிக்கயிற்றில் மகன் தலை இடிபடுவதையும் அப்போதே ஒருமுறை காட்டிவிடலாம்.

பேச்சின் வேகத்தையும் மாற்றுங்கள். சாகசத்தில் "என்ன செய்கிறீர்கள்?" என்று மொத்தமாகக் கேட்பீர்கள். திகிலில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து "உங்கள் காதில் மட்டும் என்ன விழுகிறது தெரியுமா?" என்று ஆரம்பியுங்கள். துப்பறியும் காட்சியில் நீங்கள் குறைவாகப் பேசி அவர்களை அதிகம் பேச விடுங்கள். அவர்கள் சொல்லும் ஊகங்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விடையைவிட நல்ல விடை சில சமயம் அங்கே இருக்கும், தடயங்களுக்கு முரணில்லாமல் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நடுவழியில் ஆட்டம் பழைய தடத்துக்கே சறுக்கினால், அதாவது கணக்கரைப் பார்த்ததும் பகடையை உருட்டிவிட்டார்கள் என்றால், சண்டையைத் தடுக்காதீர்கள். நடக்கட்டும். செத்த கணக்கரின் பையில், இவர்கள் இன்னும் கேட்காத ஒரு கேள்விக்கான கடிதம் இருக்கட்டும்.

எட்டாம் படி: விருந்தாளி போன பிறகு

அமர்வு முடிந்ததும் இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள்: எந்தக் காட்சியில் நேரம் போனதே தெரியவில்லை, எந்தக் காட்சியில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்? "பிடித்ததா?" என்று கேட்டால் நண்பர்கள் மரியாதைக்கு "ஆமாம்" என்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. மாற்றிய விதியை வைத்துக்கொள்வதா, திரும்பப் பெறுவதா என்பதையும் அங்கேயே தீர்மானித்து, அடுத்த அமர்வுக்கு முன் எல்லாருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பழைய ஓய்வு விதி திரும்பிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் டிராகன் முன்னால் நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

வந்துபோன ஜானர் உலகத்தில் ஒரு தழும்பை விட்டுப்போக வேண்டும். இல்லையென்றால் அது கனவுக் காட்சியாகிவிடும். துறைமுக ஊரின் நீதிபதி இனி பிணத்தின் சாட்சியத்தை மட்டும் வைத்து யாரையும் தூக்கில் போடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கலாம். அதனால் பழைய வழக்குகள் எல்லாம் மறுபடியும் திறக்கப்படுகின்றன, கிளெரிக்குகளின் சங்கம் கொதித்துப்போயிருக்கிறது. உங்கள் சாகசக் குழுவின் கிளெரிக் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அடுத்த அமர்வில் அவருக்கு ஓர் அழைப்பாணை வந்து சேரட்டும்.